லாரிக்குப் புது முதுகு

1

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எல்லாரும் கைதட்டியபோது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பேசவில்லை. கனடாவுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் இவருக்கு வாய்த்த ஒரே வெள்ளைக்கார நண்பர் பக்கத்து வீட்டு ஹெரால்ட். ஹெரால்டின் லாரிக்குக் கோப்பை கிடைத்திருக்கிறது, நான் கைதட்டவில்லை. இவர் கணக்கில் அது பெரிய குற்றம்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் கோடை வந்தால் பழைய லாரிகளையும் கார்களையும் குளிப்பாட்டி, மெழுகு தேய்த்து, மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். சனங்கள் குழந்தைகளோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். ஹெரால்டுடைய லாரி மூக்கு நீண்ட பழைய அமெரிக்க லாரி. அதற்குள் எஞ்சின் புதுசு, கியர் பெட்டி புதுசு, ஸ்பிரிங் புதுசு, பிரேக் புதுசு. பழையது முகம் மட்டும்தான். கல்யாணத்துக்கு வந்த பாட்டு வாத்தியார் மாதிரி அது வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றது.

"என்ன லோடு ஏற்றுவீர்கள்?" என்று நான் ஹெரால்டைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். லோடா? மழை வந்தால் இதை வெளியிலேயே எடுப்பதில்லையாம். மல்லசமுத்திரத்து லாரிக்காரர் மகளான எனக்கு லோடு ஏற்றாத லாரியைப் பார்த்துக் கைதட்ட எப்படி வரும்?

ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அன்றைக்கு என் மனசு அங்கே இல்லவே இல்லை. அந்த வாரம்தான் என் அப்பா, வேண்டாம் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், அவருடைய சொந்த லாரியில் பழனிக்குக் கிளம்புவதாக இருந்தது.

2

அப்பாவுடைய லாரியும் ஹெரால்டுடையதும் ஒரே சாதி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. எடுத்த கையோடு பழனிக்குப் போய்ப் பூசை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் அதே லாரியில், அவரே ஓட்டிக்கொண்டு பழனி போனார். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது ஊரில் எல்லாரும் செய்ததுபோல அவரும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பழைய டீசல் எஞ்சினை உள்ளே வைத்தார். ஓடும்போது அந்த எஞ்சின் கத்துகிற கத்தலில் நாங்கள் வயலில் நின்றுகொண்டே அப்பா வருவதைத் தெரிந்துகொள்வோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எஞ்சினும் அப்பாவும் ஒரே சமயத்தில் படுத்தார்கள். எஞ்சினுக்கு மூச்சு நின்றது. அப்பாவுக்கு முதுகு. லாரிக்குக் கீழே கல்லு மாதிரி கெட்டியாகக் கட்டிய ஸ்பிரிங் பட்டைகளின் மேல் காலமெல்லாம் உட்கார்ந்து குலுங்கியதில் முதுகெலும்பு தேய்ந்து நழுவிவிட்டது என்றார் சேலத்து எலும்பு டாக்டர். இன்னொரு பெரிய குலுங்கல் வந்தால் கால் இரண்டும் வராமல் போகலாம் என்றும் சொன்னார். பஸ்ஸில் போகக்கூடாது. மாட்டு வண்டி கூடாது. லாரி என்ற பேச்சே கூடாது.

அப்பா பழனியை விட்டார். காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று திருச்செங்கோட்டில் இருக்கும் என் அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். "என்ற சொந்த வண்டியில போனேன். என்ற வண்டியிலதான் போகோணும். இல்லீன்னா முருகன் என்னைத் தேடி வரட்டும்," என்று அப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் அப்பா முருகனோடும் இந்தத் தோரணையில்தான் பேசுவார்.

லாரி கிணற்றடியில் கீற்றுக் கொட்டகைக்குள் கிடந்தது. அதைக் காயலான் கடைக்குப் போடப்போவதாக இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் எழுதினார். போடட்டும் என்று அப்பா சொல்லிவிட்டதாகவும், அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதாகவும் அதே கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார்.

நான் அழுதேன். என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ஸ்பிரிங்கை மாத்தினா என்ன?" என்றார்.

3

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடப்பாடியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. படித்தது மெக்கானிக்கல். இங்கே ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில், காரின் ஆட்டத்தைக் குறைப்பதற்கென்றே இருக்கிற பிரிவில் வேலை. சாயங்காலமெல்லாம் ஹெரால்டின் கொட்டகையில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியது சொட்டியபடிதான் இருக்கும்.

போன வருஷம் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டோம். மற்றவர்கள் பெட்டியில் சென்ட்டு, சாக்லேட், நைலான் புடவை இருக்கும். எங்கள் பெட்டியில் என் புடவைகளுக்குள் சுருட்டி வைத்த, வண்டியின் குலுக்கலை வாங்கிக்கொள்கிற நான்கு ஷாக் அப்சார்பர்கள். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒன்றை வெளியே எடுத்து, தூக்கிப் பார்த்து, அழுத்திப் பார்த்தார். அது மெதுவாக உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. அவருக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் இரண்டு முறை அழுத்தினார்.

"இது என்ன மிஷின்?"

"மாமனாருக்கு முதுகு வலி. அதுக்குத்தான்," என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாதவர் உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இது மருத்துவக் கருவியா, மோட்டார் உதிரிப்பாகமா என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, அந்த மேலதிகாரியைப் பார்த்து, "என் தாத்தா உடைஞ்சு போயிட்டார். அதை ரிப்பேர் பண்ண அப்பா கொண்டு வரார்," என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். அவர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

அந்த விடுமுறையில் அவள் பேசிய மிக நீளமான தமிழ் வாக்கியம் அதுதான். ஊரில் ஆட்டுக்குட்டிகளோடு மட்டும் பேசினாள், அதுவும் இங்கிலீஷில்.

4

நாமக்கல்லில் காதர் பாய் பட்டறை. பாயும் அப்பாவும் ஒருவரை ஒருவர் மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாய் வாய் ஓயாமல் பேசுகிறவர், புது விஷயம் என்றால் பறக்கிறவர். ஷாக் அப்சார்பரைப் பார்த்ததும் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, இதை முன்னாடியே கொண்டாந்திருந்தீங்கன்னா மாமா முதுகு தப்பிச்சிருக்கும்ல!" என்றார்.

எஞ்சினுக்கும் வழி கிடைத்தது. ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து செய்து புதிதாக வந்திருந்த சின்ன லாரி ஒன்று ராசிபுரம் சாலையில் புளியமரத்தில் மோதி முகம் நசுங்கிக் கிடந்தது. அதன் எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் நன்றாக இருந்தன. முகம் கெட்ட வண்டியின் உடம்பை, உடம்பு கெட்ட வண்டியின் முகத்தோடு சேர்த்தார்கள். கெட்டிப் பட்டைகளை அடுக்கடுக்காகக் கழற்றிவிட்டு, இவர் சொன்னபடி நீளமாக, மெல்லிசாக அடித்த சில பட்டைகளை மட்டும், ஷாக் அப்சார்பர்களோடு சேர்த்துப் போட்டார்கள்.

அந்தப் பட்டைகளைப் பார்த்தபோது பட்டறையில் இருந்த எல்லாருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் புது லாரி வாங்கினால் முதல் வேலையே பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்ப்பதுதான். அதைக் குறைக்கிற மனுஷனை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மாற்றங்களை ஏற்ற, அப்பாவைக் காரில் படுக்கவைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். எஞ்சின் எண் மாறியிருக்கிறது, சரி. கியர் பெட்டி, சரி. அச்சு, சரி. கடைசியில் அங்கிருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப இதுல பழைய வண்டி எதுங்க?" என்று கேட்டார். அதுவரை ஆபீஸ் மரத்தடியில் கிடந்த கட்டிலில் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, "நானுங்க," என்றார். அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் பார்த்தபோது கனடாவில் நான் ஓட்டுநர் உரிமம் வாங்கின கதை ஞாபகம் வந்தது. மூன்று முறை தோற்றேன். லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவள் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பேன், முந்தும்போதும் அடிப்பேன். அது மரியாதை என்றுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சோதித்த அம்மாள், "உங்களுக்கு யார் மேல் இத்தனை கோபம்?" என்று கேட்டாள். இந்த நாட்டில் ஹாரன் அடிப்பது அடுத்தவரைத் திட்டுவதாம். நான்காவது முறை சத்தம் போடாமல் ஓட்டினேன். மனசுக்குள் திட்டினேன்.

5

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் பழனிப் பயணம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் அப்பாவைக் கட்டிலோடு பின்னால் ஏற்றி ஊரைச் சுற்றி ஒரு சோதனை ஓட்டம் விட்டோம். அண்ணன் ஓட்டினார். அப்பா கையில் ஒரு சொம்புத் தண்ணீர். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா அதை வாங்கிக் குடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

பயண நாள் காலையில் நாங்கள் குளித்து, சாமி கும்பிட்டு, கட்டுச்சோற்றோடு நிற்கிறோம். லாரியைக் காணோம். அப்பாவையும் காணோம். கொஞ்சம் பொறுத்து, தெருமுனையில் ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. லாரி வந்தது. வந்ததா, தவழ்ந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தலைக்கு மேல் ஜவ்வரிசி மூட்டைகள். முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் அப்பா தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க மாமா இது?" இவர் ஓடிப்போய்க் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"கரூர் வரைக்கும் லோடுங்க மாப்பிள்ளை. போற வழிதானுங்க."

"நாம பழனிக்குல்ல போறோம்?"

"பழனிக்குத்தானுங்க. அதுக்குன்னு வண்டியைக் காலியாவா ஓட்டுறது? ரோட்டு மேல நாலு பேரு பார்த்தா என்னங்க சொல்லுவாங்க? லோடு கெடைக்காம சுத்துறான்னு சொல்ல மாட்டாங்களா?"

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதைக் கனடாவில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் ஊரில் லாரி காலியாகப் போவது வீட்டில் எழவு விழுந்ததற்கு அடுத்தபடி. அப்பாவும் பாயும் அண்ணனும் சேர்ந்து முந்தின சாயங்காலமே இந்த லோடைப் பேசி முடித்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. முதுகுக்காக மெல்லிசாக்கிய ஸ்பிரிங் மேல் மூட்டையை ஏற்றக்கூடாது என்று இவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். பாயசத்துக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன்.

லாரி எங்கள் வாசல் மேடு ஏறும்போது பின் டயர் மேலே இருந்த பலகையில் உரசி, 'கிறீச்' என்று நின்றுவிட்டது. அந்தக் குலுக்கலில் அப்பா "அம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். இறக்கிக் கட்டிலில் போட்டோம். கால் விரலை அசைக்கச் சொல்லிவிட்டு, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அசைந்தது. ஆனால் பழனி அந்த வருஷம் இல்லை என்று ஆகிவிட்டது.

6

அத்தோடு காயலான் கடைக்காரர் மறுபடி வந்து லாரியைத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைக்காரர் அண்ணனிடம் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார்: சொம்புத் தண்ணீர் சிந்தாத வண்டியில் முட்டை எப்படிப் போகும்?

அட்டையில் அடுக்கி நாமக்கல் வரைக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. அடுத்த வாரம் சேலம். அதற்கடுத்து கேரளத்துக்கே போனது. முட்டைக்குக் கனம் குறைவு, ஸ்பிரிங்குக்கும் கேடு இல்லை. அண்ணன் காயலான் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் அப்பாவின் முதுகுக்கென்று நாங்கள் புடவையில் சுற்றிக் கொண்டுவந்த ஷாக் அப்சார்பரை நாமக்கல் கோழிகள் எடுத்துக்கொண்டன.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது உங்க முதுகுக்காகச் செஞ்சதுங்கப்பா. ஒரு தடவை பழனிக்குப் போயிட்டு வந்துட்டு அப்புறமேட்டுக்கு முட்டை ஏத்தக்கூடாதா?" என்று சத்தம் போட்டேன்.

"முட்டை வாங்கற பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கறாங்க அம்மிணி. முருகன் எங்க ஓடிப்போறாரு?" என்றார் அப்பா. சொல்லும்போதே முகத்தில் சிரிப்பு. சாப்பாட்டை முன்போல் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் விடுமுறை முடிந்தது. அப்பாவின் லாரி கேரளத்துக்குப் போயிருந்த ஒரு நாளில் நாங்கள் கனடாவுக்கு விமானம் ஏறினோம்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் அப்பாவே வழி கண்டுபிடித்துவிட்டார். கேரளத்துக்குப் போகும் முட்டை லோடைக் கரூர், தாராபுரம் வழியாகச் சுற்றி விடுவது. பின்னால் அட்டைகளுக்கு நடுவில் கட்டில் அளவுக்கு இடம் விட்டு அவர் படுத்துக்கொள்வது. பழனியில் இறங்கிச் சாமி பார்த்துவிட்டு, திரும்பும்போது அதே லாரியில் வருவது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அண்ணன் போனில் எனக்கு இதைச் சொல்லும்போதே பின்னால் அப்பா குரல் கேட்டது: "முட்டை உடையாதப்ப நான் எப்படிரா உடைவேன்?"

7

நேற்று சனிக்கிழமை காலை போன் அடித்தது. ஊரில் சாயங்காலம். ஒரு வாரமாக நான் வேலை பார்க்கிற பல் டாக்டர் ஆபீசில் ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்லி, அவர்களுக்குள் சண்டை மூட்டி வைத்திருந்தேன்.

அப்பாவேதான் பேசினார். முதலில் கவிதாவிடம் போனைக் கொடுத்தேன். "தாத்தா, நல்லா இருக்கேன்," என்று, அவர் கேட்பதற்கு முன்பே மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"முதுகு எப்படிங்கப்பா இருக்குது?"

"முதுகுக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்குது சாமி."

"காலு?"

"மலைக்கு இழுவை வண்டியில போனேன். மேல போயி நடந்துதான் சாமி பார்த்தேன். முட்டையும் ஒண்ணுகூட உடையலை. பாலக்காட்டுல எறக்கிட்டு வந்தாச்சு. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் மாப்பிள்ளைகிட்டச் சொல்லாத. எனக்குப் பழனி போனாப்புலயே இல்லை அம்மிணி. பரமத்தி வேலூர்ப் பாலம் ஏறுனா வண்டி ஒரு தூக்குத் தூக்கும். கரூர் ரயில்வே கேட்டுல ரெண்டு குத்துக் குத்தும். தாராபுரம் தாண்டி ஒரு பள்ளம், அங்க எப்பவும் பல்லைக் கடிச்சுக்குவேன். இப்ப வரும், இப்ப வரும்னு படுத்துக்கிட்டே எதிர்பார்த்துட்டு இருந்தேன். ஒண்ணும் வரலை. கண்ணைத் தொறந்தா பழனி. ஆரோ தூக்கிட்டுப் போயி எறக்கி உட்டாப்ல இருந்துச்சு."

"அது நல்லதுதானுங்களேப்பா."

"நல்லதில்லைன்னு ஆரு சொன்னா? பாய்கிட்டச் சொல்லியிருக்கேன். அடுத்த வருஷத்துக்குப் பழைய பட்டையில ஒண்ணே ஒண்ணு, சின்னதா, போட்டுக் குடுன்னு. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்."

போனை வைத்த பிறகும் நான் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அழுகை நிற்கவில்லை. ஒரு வாரமாக என்னோடு பேசாத என் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"என்னாச்சு? முட்டை உடைஞ்சிருச்சா?"

"இல்லை," என்றேன். "ஒண்ணுகூட உடையலை."